தெளிப்பும் முழுக்கும்

எந்த ஆலயத்துக்குள் நுழைந்தாலும் இஸ்திரி அக்கா பீடத்தைப் பார்ப்பதில்லை. முன்னால் இருப்பவர்களின் முதுகைத்தான் பார்ப்பாள். அவர்கள் எழுந்தால் எழுவாள், உட்கார்ந்தால் உட்காருவாள், எல்லாம் ஒரு கணம் தாமதமாக. பன்னிரண்டு வருடமாகக் கவனித்து வருகிறேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவள் இஸ்திரி போடுகிறாள், நான் மடித்து அடுக்குகிறேன். வேலையில்லாத ஞாயிறுகளில் துணைக்கு என்னையும் இழுத்துப் போவாள்.

அவள் பிறந்த வீட்டுச் சபையில் புத்தகத்தைப் பார்த்துத்தான் ஜெபம். மணி அடித்தால் மண்டியிட வேண்டும். கைக்குழந்தையாக இருக்கும்போதே தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டிலோ கைதட்டி, கண்ணீர் விட்டு, கூரை அதிரக் கூப்பிட்டால்தான் ஆராதனை. புது மருமகளாகப் போன அக்கா வாய் திறக்காமல் நின்றிருக்கிறாள்.

"வாயில பூட்டா போட்டிருக்கே? ஆண்டவர் இறங்கி வர்ற நேரத்துல கட்டை மாதிரி நிக்கிறியே!" என்றாராம் மாமியார்.

குழந்தைக்குத் தெளித்தது செல்லாது என்று, தொட்டியில் இறக்கி முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். நெஞ்சளவுத் தண்ணீரில் புருஷன்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப நாங்க உனக்குச் செஞ்சதெல்லாம் வெறும் தண்ணியாடி?" என்று கேட்ட அம்மா, சாகும்வரை அவளோடு பேசவில்லை.

கத்தக் கற்றுக்கொள்ள அக்காவுக்கு ஆறு வருடம் பிடித்தது. கற்றது ஒட்டிக்கொண்டது. புருஷன் இறந்த பின் மகன் வீட்டோடு வந்தாள். மருமகளின் சபையில் இருமல் வந்தால்கூட எழுந்து வெளியே போய்விடுவார்கள். முதுகுகளைப் பார்த்தே சமாளிப்பவள்தான். அன்றைக்கு வாய் முந்திக்கொண்டது. போதகர் ஜெபத்தை முடிப்பதற்குள் அடிவயிற்றிலிருந்து "அல்லேலூயா!" என்று கூவிவிட்டாள். ஆலயமே திரும்பிப் பார்த்தது.

"அத்தை, இங்க அப்படியெல்லாம் கத்தக்கூடாது. மானம் போகுது" என்று மருமகள் பல்லைக் கடித்தாள்.

பேத்தி முதன்முதலாக ஆலயத்தில் அப்பம் வாங்கும் நற்கருணைக்கு நாள் குறித்தார்கள். அவள் பக்கத்தில் நின்று தானும் அப்பம் வாங்க வேண்டும் என்று அக்காவுக்கு ஒரே ஆசை. அதற்குச் சபை ஏட்டில் பெயர் இருக்க வேண்டும். விசாரிக்க வீட்டுக்கு வந்த சபை மூப்பர் இதமாகத்தான் பேசினார்.

"தெளிச்சதே போதும்மா. ரெண்டாவது எடுத்ததுதான் தப்பு. அது தப்புன்னு சபை முன்னால ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுது."

மகனும் சேர்ந்துகொண்டான். "சொல்லிட்டாத்தான் என்னம்மா? அப்பா என்ன வந்து கேட்டுக்கிட்டா இருக்கப் போறாரு?"

மறுநாள் சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்பின் மேல் நீர் தெளித்தபடி அக்கா சிரித்தாள். "தெளிச்சும் பாத்தாச்சு, முக்கியும் எடுத்தாச்சு. இனி இஸ்திரி ஒண்ணுதான்டி பாக்கி. அதையும் அவங்களையே வந்து போடச் சொல்லு." கொஞ்ச நேரம் பெட்டியைத் தேய்த்தாள். "ஒரு தடவை எங்கம்மாவை இல்லேன்னு சொன்னேன். இப்ப தொட்டியில கையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன அவரையுமா?"

மூப்பர் கேட்ட வார்த்தையைச் சபை முன்னால் அவள் சொல்லவில்லை. நற்கருணை நாளில் நானும் பக்கத்தில் இருந்தேன். வெள்ளை உடையில் பேத்தி, "வா பாட்டி" என்று விரலைப் பிடித்து இழுத்தாள். "நீ போ கண்ணு, பாட்டி இங்கேருந்தே பாக்கறேன்" என்று அக்கா விரலை விடுவித்துக்கொண்டாள்.

இன்றும் அந்தச் சபைக்குத்தான் போகிறாள். அவள் வரிசையில் இருப்பவர்கள் அப்பம் வாங்க எழும்போது, யாருக்கும் இடறாதபடி கால்களை ஒரு பக்கமாக ஒதுக்கி வழி விடுகிறாள்.