நான் யானையாக இருந்தபோது

பிள்ளைகளுக்குக் கதை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் கேட்டு அனுப்பியிருக்கிறார். நேரில் வந்து கேட்கவில்லை. என் யூனிட்டில் தைக்கும் ஒரு பெண்ணிடம் சொல்லி அனுப்பினார்.

"உங்க ஓனரம்மா அஞ்சாங்கிளாஸ்தானாமே? பிள்ளைங்களுக்கு இன்னா கதை சொல்லி வெச்சிருக்காங்க? கிளாஸ்ல எந்நேரமும் எருமைன்னுது, மைனான்னுது."

அஞ்சாம் கிளாஸும் முழுசாக இல்லை, அரைப் பரீட்சையோடு நின்றுவிட்டேன். அதை நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், டீச்சர் துப்பறிய வேண்டியதில்லை. தாவணி போட்ட வயதில் தோல் பதனிடுகிற ஷாப்பில் தோல் காயப்போடப் போனேன். அப்புறம் ஆம்பூரில் ஷூ கம்பெனி. பசை தடவினேன், தைத்தேன், கடைசியில் செக்கிங் டேபிளுக்கு வந்தேன். ஒரு ஆட்டுத் தோலை என் முன்னால் விரித்துப் போடுங்கள். அது எந்தப் பக்கமாக முள்வேலியில் உரசியது, எங்கே உண்ணி கடித்தது, குச்சியால் அடித்தவன் எவ்வளவு ஓங்கி அடித்தான், எல்லாவற்றையும் விரலை ஓட்டிச் சொல்லிவிடுவேன். ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் என் விரலை ஏமாற்றிய தோல் கிடையாது. மிருகங்களைப் புத்தகத்தில் பார்த்தவர்கள் எனக்கு மிருகக் கதை சொல்லித்தர வேண்டாம்.

இன்றைக்கு மாதனூர்ப் பக்கம் ரோட்டு மேலேயே சொந்த யூனிட். இருபத்திநாலு மிஷின். பெரிய கம்பெனிகளுக்கு ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுக்கிறோம். தைப்பவர்கள் எல்லோரும் பெண்கள். பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடும், எங்கள் வேலை ஆறு மணிக்கு முடியும். அந்த இரண்டு மணி நேரம் அவர்களுடைய பிள்ளைகள் லாரி ஓடும் ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தன. பேக்கிங் ரூமைக் காலி செய்து பாய் போட்டு உள்ளே உட்கார வைத்தவள் நான். எந்தப் பெரிய படிப்புப் படித்தவரும் வந்து செய்யவில்லை.

பதினோரு பிள்ளைகள் ஒரு ரூமில் இருந்தால் முதல் வேலை கோள் சொல்வதுதான். "ஓனரம்மா, இவன் என்னைக் கிள்றான்." "ஓனரம்மா, அவ எங்கம்மாவைக் குண்டுன்னு சொன்னா." காது புளித்துப்போய் ஒரு சட்டம் போட்டேன். இந்த ரூமில் யார் மேல் குறை சொல்வதானாலும் மிருகமாக மாற்றித்தான் சொல்ல வேண்டும். பெயர் சொன்னால் நான் காதில் வாங்க மாட்டேன். மறுநாளே ஒரு பையன் வந்து, "ஒரு ஊர்ல ஒரு குரங்கு என் பென்சிலைக் கடிச்சி வெச்சிருச்சி" என்றான். கடித்தவன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். பென்சில் திரும்பி வந்தது. அழுகை பாதியாகக் குறைந்தது. எங்கள் காட்டில் ஆளுக்கு ஒரு மிருகம். அவரவர் அம்மாவுக்கும் ஒன்று உண்டு. சிங்கம் மட்டும் கிடையாது, வெறும் சத்தம் என்பதால் நான் சேர்க்கவில்லை. யானைதான் பெரிது. யானை யார் என்று கேட்கவே வேண்டாம், நான்தான்.

அந்தப் பிள்ளைகளில் ஒரு ஒன்பது வயசுப் பெண். எங்கள் காட்டில் அவள் முயல். அவள் அம்மா என் யூனிட்டிலேயே நன்றாகத் தைக்கிறவள். அந்தப் பெண்ணுக்கு வலது மணிக்கட்டிலும் உதட்டோரத்திலும் வெள்ளையாகத் திட்டு இருக்கும். வந்த புதிதில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வருஷம் மழைக்கு முன்னால், அவள் பாயில் உட்காராமல் கதவுக்கு வெளியே கழிவுத் தோல் மூட்டை மேல் உட்காருவதைப் பார்த்தேன். தண்ணீர்க் குடத்துப் பக்கத்தில் ஒரு டம்ளரில் மட்டும் சிவப்பு நூல் கட்டியிருந்தது. அது அவளுக்கென்று தனியாம். கட்டியது யார் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அவள் அம்மா என் டேபிளுக்கு வந்தாள்.

"சனிக்கிழமையோட நின்னுக்கறேம்மா."

"இன்னாத்துக்கு? வேற கம்பெனியில கூப்ட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல. வேன்ல என் பக்கத்து சீட்ல யாரும் உக்கார்றதில்ல. அது கூடப் பரவால்ல. பொண்ணு ஸ்கூலுக்கே போ மாட்டேன்னுது. குஷ்டம், ஒட்டிக்கும்னு பேசிக்கறாங்க."

சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டி, இது வெறும் நிறம் போவதுதான், யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரிடம் எழுதி வாங்கியிருக்கிறாள். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. அத்தனை பேரிடம் காட்டியிருக்கிறாள்.

"சனிக்கிழமை வரைக்கும் டைம் குடு. நான் பாத்துக்கறேன்," என்று காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

"நீங்க இன்னாம்மா பண்ணுவீங்க, வாயைத் தைக்க மிஷின் இருக்குதா?"

என்னைக் கண்டாலே கையெடுத்துக் கும்பிடுகிறவள் அப்படிக் கேட்டாள் என்றால் எவ்வளவு நொந்திருப்பாள்.

அன்று சாயந்திரமே ஒரு கதை சொன்னேன். ஒரு ஆட்டுத் தோலை எடுத்து வந்து பாயில் விரித்தேன். "இந்த ஆடு உசுரோட இருக்கும்போது முடி மூடியிருந்துச்சி. யார் அடிச்சாங்க, எங்க குத்துச்சி, ஒண்ணும் தெரியல. சுண்ணாம்புல போட்டு முடியை எடுத்தாதான் ஒவ்வொரு தழும்பும் மேல வருது. நீங்க பேசற பேச்சும் அப்டிதான், உள்ளுக்குள்ள தழும்பு விழுது," என்று பிரமாதமாக முடித்தேன். எனக்கே கண் கலங்கியது.

பிள்ளைகள் தோலைத் தடவிப் பார்த்தார்கள். அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்? தோல் வேலை செய்பவர்களின் பிள்ளைகள். ஒரு பையன் கேட்டான், "ஓனரம்மா, தழும்பு இருந்தா ரிஜெக்ட்தானே?"

நான் அதை யோசிக்கவே இல்லை. எங்கள் டேபிளில் தழும்பு இருக்கிற இடத்தைச் சுற்றி சில்வர் பேனாவால் வட்டம் போடுவோம். வட்டம் போட்ட இடத்தை வெட்டி மூட்டையில் போட்டுவிடுவோம். இத்தனை வருஷமாக அதைச் செய்து வாழ்கிற நான், அந்தத் தோலையே கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்கு அன்பு போதித்திருக்கிறேன்.

வியாழக்கிழமை அந்தப் பெண்ணைப் பாயிலிருந்த பிள்ளைகள் "ரிஜெக்ட்" என்று கூப்பிட்டார்கள். அவள் மூட்டை மேல் உட்கார்ந்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள். கிட்டே போய்ப் பார்த்தேன். செக்கிங் டேபிளிலிருந்து சில்வர் பேனாவை எடுத்து வந்து தன் மணிக்கட்டுத் திட்டைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல வட்டம். என் செக்கிங் பெண்கள்கூட அப்படிப் போடுவதில்லை.

"இன்னாடி பண்ற?"

"யாராவது போடறதுக்குள்ள நானே போட்டுக்கினேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்தப் பேச்சைக் கிளப்பியவள் எவளோ, அவளைக் கண்டுபிடித்து யூனிட்டை விட்டே அனுப்புவது என்று முடிவு செய்தேன். கண்டுபிடிப்பது எனக்குப் பெரிய வேலையா? எங்கள் தொழிலில் பத்துப் பத்து பீஸாகக் கட்டி, கட்டோடு ஒரு சீட்டு வைத்து அனுப்புவோம். வெட்டியவள், மடித்தவள், தைத்தவள் நம்பர் எல்லாம் அதில் ஏறும். தையல் கோணல் என்று ஒரு கட்டு திரும்பி வந்தால், சீட்டைப் பிடித்துக்கொண்டு டேபிள் டேபிளாகப் பின்னால் போவோம். எந்த நம்பரில் வந்து நிற்கிறதோ அவள்தான் பிரித்து மறுபடி தைக்க வேண்டும், ரீவொர்க் என்போம். வேறு யார் கையும் படக்கூடாது. மாசமாக இருந்தவளுக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அது நான் போட்ட சட்டம்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தேன். அந்தப் பெண்ணும் கதவோரம் இருந்தாள். ஆளுக்கு ஒரு வெறும் சீட்டும் பென்சிலும் கொடுத்தேன்.

"நம்ம காட்ல ஒரு முயல். அதும் கால்ல வெள்ளையா ஒரு திட்டு. அது ஒட்டிக்கும்னு காடு பூரா பேச்சு. உங்களுக்கு யார் சொன்னாங்களோ அந்த மிருகத்தை வரைங்க. பேர் சொல்லக் கூடாது."

பேக்கிங் ரூமுக்கும் மிஷின் ஹாலுக்கும் நடுவில் பாதிச் சுவர்தான். டீ நேரம். மிஷின்கள் நின்றிருந்தன. நான் வேண்டுமென்றே அந்த நேரத்தைப் பிடித்தேன். அம்மாக்கள் கேட்கட்டும், கிளப்பியவளுக்கு வியர்க்கட்டும் என்று.

முதல் பையன் பூனை வரைந்திருந்தான். பூனை அவன் அம்மா.

"பூனைக்கு யார் சொன்னது?"

"கோழி. வேன்ல சொல்லுச்சி. ஒரே டம்ளர்ல குடிச்சா ஒட்டிக்கும்னு."

கோழியின் மகள் கையைத் தூக்கினாள். "எங்க அம்மி டம்ளர்னு சொல்லல ஓனரம்மா! தொட்டா ஒட்டிக்கும்னுதான் சொன்னாங்க. டம்ளர் பூனை சேத்துக்கிச்சி."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, "அய்ய, நான் எங்கடி சேத்தேன்," என்றாள். "கம்முனு இரு," என்றாள் இன்னொருத்தி.

"சரி, கோழிக்கு யார் சொன்னது?"

"மைனா. டீ குடிக்கும்போது."

மைனா என்றால் செக்கிங் டேபிள் பெண். அவள் மகள் ஒன்றாம் வகுப்பு. சீட்டை மார்போடு அணைத்து வைத்திருந்தது. வாங்கிப் பார்த்தேன். நாலு கால், பெரிய காது, நீளமாக ஒரு தும்பிக்கை.

"இது இன்னா?"

"யானை."

"யானை இன்னா சொல்லுச்சி?"

அந்தக் குழந்தை என்னைப்போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, என் குரலிலேயே சொன்னது. "'அந்தப் பொண்ணு கையில வெள்ளையா இன்னாவோ இருக்குது, பீஸ் பக்கம் விடாத.'"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. மைனா ஓடி வந்தாள். "சின்னப் பிள்ள, தெரியாம சொல்லுதும்மா, நீங்க மனசுல வெச்சிக்காதீங்க…"

"நீ போய் உக்காரு. அது சரியாத்தான் சொல்லுது."

சொன்னேன்தான். அவள் மூட்டைக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வெள்ளைத் தோல் ஆர்டர் ஒன்று வந்தது. விரல் பட்டால் அழுக்காகும் சரக்கு. அந்தப் பெண் டேபிளோரம் நின்றாள், நான் மைனாவிடம் போகிற போக்கில் சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். சரக்குக்காகச் சொன்னேனா, அந்தத் திட்டைப் பார்த்துப் பயந்து சொன்னேனா என்று இப்போது கேட்டால், இரண்டும்தான். பத்து வார்த்தைகூட இருக்காது. டீ நேரத்தில் அது தொட்டால் ஒட்டுவதாகி, வேனில் டம்ளராகி, மாதனூர் தாண்டுவதற்குள் குஷ்டமாகிவிட்டது. நூல் கட்டியவளைத் திட்டலாம். ஆனால் சீட்டில் இருந்த முதல் நம்பர் என்னுடையது.

வேறு ஆளாக இருந்தால் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பார்கள். நான் ஹாலுக்குள் போனேன். மைனா டேபிளில் ஆரம்பித்தேன். "நான் சொன்னது தப்பு. அது ஒட்டாது. டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு, இந்தா படி. நீ யார்கிட்டல்லாம் சொன்னியோ அவங்ககிட்ட நீயே போய் மாத்திச் சொல்லு." கோழியிடம் அதையே சொன்னேன். பூனையிடம் சொன்னேன். இருபத்திநாலு மிஷினிலும் நின்று சொன்னேன்.

பதினேழாவது மிஷினில் ஒரு வாயாடி. "இன்னாம்மா, உங்களுக்கே ரீவொர்க்கா?"

"ஆமாடி. நல்லா பாத்துக்கோ. இப்டிதான் பிரிக்கணும்."

ஆறு மணிக்கு அவர்கள் போகும் வேனிலும் ஏறினேன். முழங்கால் வலியோடு கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே ஆம்பூர் வரைக்கும் போனேன். வேறு யூனிட் பெண்களும் அதில் வருவார்கள், அவர்களிடமும் சொன்னேன். ஒருத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் காது இந்தப் பக்கம்தான் இருந்தது, எனக்கு அது போதும். அந்தப் பெண்ணின் அம்மா இறங்கும்போது காகிதத்தை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டாள். நாளைக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் அம்மா வந்து மிஷினில் உட்கார்ந்தாள். நாலு மணிக்கு மகள் வந்தாள். மணிக்கட்டில் சில்வர் வட்டம் பாதி அழிந்திருந்தது. மூட்டைப் பக்கம் போகாமல் நேராக வந்து நான் உட்காரும் ஸ்டூலுக்கு முன்னால் நின்றாள்.

"இன்னிக்குக் கதை நான் சொல்றேன்."

"சொல்லு."

"இனிமே யானை நான்."

பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். இந்த யூனிட்டில் என்னிடம் அப்படி யாரும் பேசியதில்லை. எழுந்து ஸ்டூலைக் கொடுத்தேன்.

"அப்போ நான் யாரு?"

மேலிருந்து கீழாக என்னைப் பார்த்தாள், செக்கிங் பார்ப்பதுபோல. "எருமை."

"ஏன், எருமைக்கு இன்னா?"

"நடுரோட்ல நிக்கும். எவ்ளோ ஹாரன் அடிச்சாலும் அதுக்குக் கேக்காது."

குடத்துப் பக்கம் போய் டம்ளரை எடுத்தாள். சிவப்பு நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்து என் மணிக்கட்டில் கட்டினாள். எருமைக்குக் கயிறு வேண்டுமாம். அப்புறம் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, "ஒரு காட்ல ஒரு எருமை இருந்துச்சி, அதுக்கு வாய் ஜாஸ்தி," என்று ஆரம்பித்தாள். அரை மணி நேரக் கதை. நான் பாயில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் சத்தமே இல்லை. அவர்களும்தான் கேட்டார்கள், அன்றைக்கு வேலை கம்மியானது கம்மியானதுதான்.

இதுதான் டீச்சரம்மா, உங்கள் கிளாஸுக்கு எருமை வந்த கதை. பிள்ளைகள் அந்த வார்த்தையைச் சொன்னால் அடிக்காதீர்கள், அவர்கள் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் தகுதியைப் பார்க்க வேண்டுமென்றால் சொல்லி அனுப்பாமல் நாலு மணிக்கு நேரில் வாருங்கள். பாயில் இடம் இருக்கிறது, உங்களுக்கும் ஒரு மிருகம் கொடுப்போம். யானையை மட்டும் கேட்காதீர்கள். அந்த வேலைக்கு ஆள் இருக்கிறது.