மஞ்சள் சுடிதாரும் ஏரியைச் சுற்றிய சேவலும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை, கல்வராயன் மலையில் கரியாலூர் படகுத்துறையில் நடந்தது இது. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் இருந்தபோது கடலூரில் நாள் முழுக்கத் துடுப்பு வலித்தவள். யாருக்கு அறிமுகமானாலும் இரண்டாவது நிமிடத்தில் இதைச் சொல்லிவிடுவேன் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அதற்கு முந்தைய வருடம் எங்கள் பள்ளி வேன் ஓட்டுநர் தன் மகளின் காதுகுத்துக்கு அழைத்திருந்தார். அவர் ஊர் மலையில், தார் ரோட்டிலிருந்து வெகுதூரம் உள்ளே. மண் பாதையில் ஸ்கூட்டி ஓட்டிப்போன நான், குறுக்கே வந்த கன்றுக்குட்டிக்கு வழிவிடப்போய்ப் பள்ளத்தில் விழுந்தேன். இடது தோள் உடைந்துவிட்டது. ஆம்புலன்ஸ் தார் ரோடு வரைதான் வரும். பந்தியில் இருந்த நான்கு பேர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டு வந்து, கம்பளியைத் தூளியாகக் கட்டி, மூங்கில் கழியில் என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நான் ஒல்லியான ஆள் இல்லை. பாதி வழியில் ஓட்டுநர் மூச்சு வாங்கிக்கொண்டே, "டீச்சர், கொஞ்சம் மூச்ச இழுத்துப் புடிச்சிக்கினு வாங்க, கனம் கம்மியாத் தெரியும்" என்றார். அந்த வலியிலும் நான் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

தோளில் பிளேட் வைத்தார்கள். தண்ணீர்க் குடம் தூக்குவதென்றால்கூட யோசித்துத் தூக்குங்கள் என்றார் டாக்டர். ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி இழுத்து இழுத்து, நானே தலை பின்னிக்கொள்ளும் அளவுக்குத் தேறியபோது, ஓட்டுநரின் மனைவி மறுபடி மாசமாக இருப்பது தெரிந்தது. "மொத பிரசவத்துக்கும் அதே கம்பளிதான் டீச்சர்" என்றார் ஓட்டுநர் சாதாரணமாக. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. கச்சிராயபாளையத்தில் ஒருவர் பழைய ஜீப்பை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டோம். உள்ளே ஒரு படுக்கை போட்டு அந்த ஊரிலேயே நிறுத்திவிட்டால் போதும். அதற்குப் பணம் திரட்டத்தான் இந்தப் படகு யோசனை. காலையில் ஆரம்பித்து இருட்டும் வரை நான் ஏரியைச் சுற்றுவேன். பார்ப்பவர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் தங்களால் முடிந்ததைப் போடுவார்கள். வெளிநாட்டில் இப்படிச் செய்கிறார்கள் என்று எங்கோ பார்த்திருந்தேன்.

அந்த ஞாயிறு எங்களுக்குக் கெடு. மாலைக்குள் பணம் வராவிட்டால் ஜீப்பைக் கரும்பு ஏற்றும் ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாக அதன் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். ஓட்டுநர் காலையிலேயே போய் அவர் வாசலில் உட்கார்ந்துகொண்டார். மனைவிக்கோ நிறைமாதம்.

படகுத்துறையில் அனுமதி வாங்கி, விடிந்ததும் துடுப்பைப் பிடித்தேன். கரையில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடும் வாடகை மைக் செட்டோடும் என் வீட்டுக்காரர். அவர் ரேஷன் கடையில் வரிசையில் நிற்பவரிடம் நேரம் கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவர். மைக்கில் அவர் விளக்கியது எனக்கே புரியவில்லை. மத்தியானம் வரை வாளியில் விழுந்தது, மைக் செட் வாடகைக்கே போதாது. வேடிக்கை பார்த்தவர்கள் மட்டும் ஏராளம்.

இங்கே என் கோலத்தைச் சொல்ல வேண்டும். பளிச்சென்று தெரியட்டும் என்று மஞ்சள் சுடிதார். அதன் மேல் படகுத்துறைக்காரர்கள் கொடுத்த காவி நிற லைஃப் ஜாக்கெட். காலில் செருப்பு இல்லை. வயிறு கனக்கக் கூடாது என்று குளுக்கோஸ் தண்ணீர் தவிர வேறெதுவும் தொடவில்லை. மூச்சு சீராக இருக்க உதட்டுக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தேன். இடது தோளுக்குப் பாரம் குறையட்டும் என்று வலப்பக்கமாகவே ஏரியைச் சுற்றினேன். நான் என்னைப் பெரிய விளையாட்டு வீராங்கனையாக நினைத்துக்கொண்டிருந்தேன். கரையில் இருந்தவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சோளக்கதிர் சுட்டு விற்கும் ஒரு அம்மா என் வீட்டுக்காரரிடம், "அந்தம்மாவுக்கு இன்னா கொறைங்க?" என்று கேட்டிருக்கிறார். இவர், "தோள் ஒடஞ்சி போச்சிங்க, அதுலேர்ந்துதான்..." என்று ஆரம்பித்திருக்கிறார். மீதியை அந்த அம்மா கேட்கவில்லை. மஞ்சள் துணி, விரதம், முணுமுணுப்பு, வலம் வருதல் எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது. கை குணமாக அம்மனுக்கு வேண்டிக்கொண்டு ஒருத்தி ஏரியை வலம் வருகிறாள் என்று அன்று அங்கே கூடிய ஞாயிற்றுச் சந்தைக்கு வந்த கூட்டம் முழுக்கச் செய்தி போய்விட்டது.

அடுத்த சுற்றில் நான் படித்துறையை ஒட்டி வந்தபோது ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். அதற்கடுத்த சுற்றில் எலுமிச்சை, தேங்காய், ஒரு படி சாமை. பிறகு ஒரு பலாப்பழம். அதன் பிறகு, கால் கட்டிய சேவல் ஒன்று. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை. கையை ஆட்டினேன். ஆசீர்வாதம் என்று கும்பிட்டார்கள். படகு கனத்துக்கொண்டே போனது. சேவல் முன்பக்கத்தில் உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டு வந்தது.

பிற்பகலில் தோள் நெருப்பாக எரிந்தது. பிளேட் விட்டுவிடுமோ என்று பயம் வந்துவிட்டது. ஜீப் போனால் போகட்டும், கை இல்லாமல் போனால் பிழைப்பே போய்விடும் என்று அழுதுகொண்டே படியருகே படகை விட்டேன். இறங்கக் காலைத் தூக்கியதும் நாலைந்து பெண்கள் ஓடி வந்து படகை உள்ளே தள்ளினார்கள்.

"பாதியில எறங்கக் கூடாதும்மா, சாமி குத்தம் ஆயிப்பூடும்" என்றார் சோளக்கதிர் அம்மா. பிறகு என் தோளைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "பொண்டாட்டி வேண்டுதல்ல கட்டுன புருசன் பாதி வாங்கிக்கலாம். நீ ஏறுய்யா."

என் வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது. மழைக்காலத்தில் கோமுகி அணையைப் பார்க்கப் போனாலே காருக்குள் இருந்துதான் பார்ப்பார். அவர் கையிலிருந்த மைக்கை யாரோ பிடுங்கிக்கொண்டார்கள். வேறு யாரோ லைஃப் ஜாக்கெட்டை மாட்டினார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் மனிதர் என் பக்கத்தில் இடது துடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மடியில் சேவல். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவ்வளவு நெருக்கமாக அவர் என்னோடு உட்கார்ந்ததில்லை.

இழுக்கச் சொன்னால் தள்ளினார். படகு நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றியது. நாங்கள் செத்தோம் என்று நினைத்தேன். கரையில் இருந்தவர்களோ, கோயிலில் நின்ற இடத்தில் நம்மை நாமே சுற்றிக்கொள்வோமே, அப்படி ஏதோ விசேஷ வேண்டுதல் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

எப்படியோ இரண்டு பேருமாகச் சேர்ந்து பொழுது சாயும் வரை வலித்தோம். இறங்கியதும் எனக்கு மனசு கேட்கவில்லை. மைக்கை வாங்கி, இது வேண்டுதல் இல்லை, ஒரு ஜீப்புக்காகப் பணம் திரட்ட வந்தோம், உங்கள் பொருளைத் தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று முழுக்கச் சொல்லி முடித்தேன். அடி விழுமோ என்று என் வீட்டுக்காரர் சேவலோடு எனக்குப் பின்னால் நகர்ந்தார்.

"உன் கை நல்லாவணும்னு தானே நாங்க குடுத்தோம்" என்றார் சேவல் கொடுத்த பெண், சற்றுக் கோபமாகவே. "அத வெச்சி நீ வண்டி வாங்கனா இன்னா, வறுத்துத் துன்னா இன்னா. குடுத்தத திருப்பி வாங்கற வூடு எங்குளுது இல்ல."

சோளக்கதிர் அம்மா மைக்கை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். திருவிழா முடிவில் கோயில் பொருளை ஏலம் விடுவதுபோல் ஆரம்பித்துவிட்டார். ஏரியைச் சுற்றி வந்த எலுமிச்சைக்கு இரண்டு பேர் சண்டை போடாத குறையாகப் போட்டி போட்டார்கள். ஏழு தடவை சுற்றிய சேவல், எழுபது தடவை சுற்றியதாக ஏலத்தில் போனது. சுற்றுலா வந்த ஒரு குடும்பம் பலாப்பழத்தை எடுத்துக்கொண்டது. ஜீப்புக்கான பணம் சேர்ந்துவிட்டது. இருட்டுவதற்குள் அதை ஜீப்காரருக்குப் போனிலேயே அனுப்பிவிட்டு, ஓட்டுநரைக் கூப்பிட்டு, எழுந்து வாருங்கள், ஜீப்பிலேயே வாருங்கள் என்றேன். அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது. நானும் அழுதேன். அடுத்த வாரம் அதே ஜீப்பில் படுத்துக்கொண்டு அவர் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போய், ஆண் குழந்தையோடு அதே ஜீப்பில் ஊர் திரும்பினார்.

மலைக்காரர்களுக்கு உதவி செய்யப் போகிறேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் நான் கிளம்பியிருந்தேன். அன்று அந்தக் கரையில் நின்றவர்களுக்கு ஜீப்பும் தெரியாது, நானும் தெரியாது. முன்பின் பார்த்திராத ஒருத்தியின் கை வலி தீரட்டும் என்றுதான் வீட்டுச் சேவலைக்கூடக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதை நினைத்தால் உதவி வாங்கியது யார் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.