குச்சியைப் பிடுங்கினால் உறையும் திரை

அலுவலகத்தில் அவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட வயதில் மூத்த தலைமைப் பொறியாளர் உட்பட. மருத்துவமனைப் படுக்கையருகே நாடித்துடிப்பைக் காட்டிக்கொண்டு ஒரு பெட்டி நிற்குமே, அதை ஓட்டும் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் நெட்வொர்க் சாதனங்களைக் கவனிக்கும் பகுதி அவள் பொறுப்பு. வீட்டில் வேலையைப் பற்றிப் பேச மாட்டாள். பேசினால் தங்கை கொட்டாவி விடுவாள்.

அந்தத் தங்கைதான் ஒரு சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். அவள் நர்ஸ். நோயாளியை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போக, பெட்டியை வார்டு நெட்வொர்க்கோடு இணைக்கச் செருகியிருந்த வயர்லெஸ் குச்சியைப் பிடுங்கியிருக்கிறாள். திரை உறைந்துவிட்டது.

"பழைய நம்பரையே காட்டிக்கிட்டு நின்னுதுக்கா. நானும் நம்பிட்டேன். அவர் முகத்தப் பாத்தப்புறம்தான் கையப் பிடிச்சு நாடி பாத்தேன்."

நல்லவேளை, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் தலைமைப் பொறியாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிடுங்காதீர்கள் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாமே என்றார்.

"பிடுங்கத்தான் சார் செய்வாங்க. பிடுங்குற மாதிரிதானே வச்சிருக்கோம்?" என்றாள்.

குச்சியைப் பிடுங்கியதும் ஓடும் நிரலை எழுதியவன், தாடி என்று எல்லாரும் கூப்பிடும் பக்கத்து இருக்கைக்காரன். ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள் முடியும்வரை காத்திருந்துவிட்டுத்தான் சாதனத்துக்கு ஒதுக்கிய மெமரியை விடுவிக்கிறேன், இதில் என்ன தப்பு என்று முறைத்துக்கொண்டான். காத்திருந்தது உண்மைதான். ஆனால் லாக்கை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டுமே வைத்திருக்கக்கூடிய பூட்டை, கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. சிக்னலைச் சோதிக்கும் வேலை பாதியில் நின்று அதே லாக்கைக் கேட்டது. அந்த வேலை முடியட்டும் என்று நிரல், நிரல் லாக்கை விடட்டும் என்று அந்த வேலை. இரண்டுக்கும் பின்னால், நெட்வொர்க் நிலவரம் கேட்டு வந்த திரையும் மாட்டிக்கொண்டது.

தாடி கோபத்தில் காத்திருக்கும் வரியையே தூக்கி எறிந்தான். இப்போது உறையவில்லை, பெட்டி மொத்தமாக விழுந்தது. முடியாத வேலை ஒன்று, வேறு யாருக்கோ கொடுத்துவிட்ட மெமரியில் கை வைத்திருந்தது.

"காத்திருந்தா உறையுது, காத்திருக்காட்டி விழுது," என்று தலையில் கை வைத்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். அதற்கப்புறம்தான் இருவரும் ஒரே திரையைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

மாற்ற வேண்டியிருந்தது வரிசையைத்தான். லாக்கைப் பிடித்து, இந்தச் சாதனம் கிளம்புகிறது என்று ஒரு குறி மட்டும் போட்டுவிட்டு, உடனே லாக்கை விட்டுவிட வேண்டும். புதிதாக வரும் வேலை குறியைப் பார்த்துத் திரும்பிப் போகும். ஏற்கெனவே உள்ளே இருப்பவை முடியும்வரை வெறுங்கையோடு காத்திருந்து, கடைசி ஆளும் வெளியேறியபின் மெமரியை விடுவிக்க வேண்டும்.

எழுத ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது. நம்புவதற்குத்தான் வாரக்கணக்கில் ஆயிற்று. செருகுவதும் பிடுங்குவதுமாக இருவருக்கும் கட்டைவிரல் காய்த்துப்போயிற்று. தலைமைப் பொறியாளரும் வந்து நின்று பிடுங்கிப் பார்த்தார். ஸ்டிக்கர் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை.

புதிய பதிப்பு வார்டுகளுக்குப் போனது. தங்கை ஏதாவது சொல்வாள் என்று அவள் காத்திருந்தாள். நாட்கள் போனதுதான் மிச்சம். கடைசியில் அவளே வாய்விட்டுக் கேட்டாள்.

தங்கை தலை வாரிக்கொண்டே, "எந்தக் குச்சி? அதுவா, தெனமும்தான் பிடுங்குறேன். ஏன், ஏதாவது ஆகுமா?" என்றாள்.

"ஒண்ணும் ஆகாது."

தாடியிடம் இதைச் சொன்னபோது அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, திரை உறைந்ததையே மறந்துபோய்விட்டார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அன்று முழுவதும் அவன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.