தூக்குக்காவடியைச் சுற்றிய ட்ரோன்

ட்ரோனால் கலியாண வீடுகளைப் படம்பிடித்து வாழும் செந்தூரன், அனுமதியின்றியோ ஆட்களின் தலைக்கு மேலோ அதனைப் பறக்கவிட்டவரல்லர். அன்றைய தேர்த்திருவிழாவில், முதுகுத் தோலில் ஏற்றிய செடில் எனும் கொக்கிகளால் தூக்குக்காவடியில் தொங்கிய அடியவரை எவருடையதோ ஒரு ட்ரோன் நெருங்கி வட்டமிட்டது. கூட்டத்தை விலக்கி ஓடிய செந்தூரன், கனடாவிலிருந்து வந்திருந்த தம் அக்காவின் கணவரே அதனை இயக்கக் கண்டார்.

"அத்தான், உடனை இறக்குங்கோ! அந்தாளாலை விலகவும் ஏலாது."

"உம்மடை தொழில் போயிடும் எண்ட எரிச்சலோ?"

அவ்வேளை காற்றடித்து ட்ரோன் காவடிப் பக்கம் சரிந்தது. அத்தானுக்குக் கை ஓடவில்லை. செந்தூரன் அவர் கையிலிருந்த இயக்கும் கருவியைப் பறித்து, ட்ரோனை வெறும் வயலுக்குத் திருப்பினார்.

"உவர்தான் ட்ரோன்காரன், பிடியுங்கோ!" என்று கோயில் தொண்டர்கள் அவர் தோளைப் பற்றி உலுக்கினர். ட்ரோன் நிலந்தொடும்வரை செந்தூரன் திரும்பியும் பார்க்கவில்லை.