பெங்காசி சூப்புக்காக ஆபர்ன் வரை

எட்டு கிலோமீட்டர் போய்வந்ததை எல்லாம் பயணக் கட்டுரை என்று எழுதுகிறானே என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றட்டும். இந்த வலைப்பதிவில் எழுதிய டாஸ்மேனியாப் பயணத்துக்கும் நியூசிலாந்துப் பயணத்துக்கும் நான் இதில் பாதிகூடப் பாடுபடவில்லை. சிட்னியில் இருந்துகொண்டு வீட்டில் லிபியச் சூப் வைக்கவேண்டும் என்று நினைப்பவர்கள், என்னைப்போல முட்டி மோதாமல் நேராகப் போய் வாங்கி வரட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் போனது கடந்த ரமலான் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காரணம் என் மனைவி ஜெசி. நாகர்கோவில்காரி, நர்ஸ். கல்யாணத்துக்கு முன்பு நான்கு வருடம் லிபியாவில், பெங்காசி ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தவள். இப்போது அவளே நோயாளி. மார்பில் கட்டி என்று கண்டுபிடித்து, கீமோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு எதை வாயில் வைத்தாலும் இரும்பைச் சப்புவது மாதிரி இருக்கிறது என்றாள். இட்லியும் இரும்பு, மோரும் இரும்பு. எடை இறங்கிக்கொண்டே போனது. இன்னும் குறைந்தால் அடுத்த சுற்றைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த முறை எடை பார்ப்பது அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு வரும் வியாழக்கிழமை.

என்னதான் சாப்பிடுவாய் என்று நான் நச்சரித்தபோது ஒருநாள் சொன்னாள்.

"பெங்காசில நோம்பு மாசம் சாயங்காலம் வார்டுக்கு ஒரு சூப்பு வரும். செவப்பா, புதினா வாசமா இருக்கும். அது கெடச்சா குடிப்பேன்னு தோணுது. நீங்க அதுக்காக அலைய வேண்டாம், சும்மா சொன்னேன்."

அலைய வேண்டாம் என்று சொன்னால்தான் எனக்குக் கால் பரபரக்கும். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அது ஆட்டுக்கறிச் சூப். நான் பிறந்ததிலிருந்து சைவம். ஜெசியின் கறிச்சட்டி எங்கள் வீட்டில் தனியாக ஒரு மூலையில் இருக்கும். அதை நான் கழுவியதுகூடக் கிடையாது. பெரிய கொள்கை எல்லாம் இல்லை, பழக்கம் அவ்வளவுதான்.

இருந்தாலும் அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின புதன்கிழமையே இறங்கிவிட்டேன். சூப்பர் மார்க்கெட்டில் கறி வாங்கி, வீடியோ ஒன்றைப் பார்த்து, ஏழு தண்ணீரில் அலசி, மஞ்சள் போட்டு வேகவைத்தேன். மேலே சாம்பல் நிறத்தில் நுரை கட்டியது. எனக்கு அது அழுக்காகத்தான் தெரிந்தது. சோறு வடிப்பது மாதிரி மூடியைச் சாய்த்துப் பிடித்து, தண்ணீர் முழுவதையும் தொட்டியில் வடித்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றினேன். சுத்தமாகச் செய்கிறோம் என்று மனசுக்குள் ஒரு பெருமை வேறு.

ஜெசி எழுந்து வந்து சட்டியைப் பார்த்தாள். "கறி வெந்த தண்ணி எங்க?"

"நுரையா இருந்துச்சு. வடிச்சுட்டேன்."

"சூப்ப வடிச்சுக் கொட்டிட்டு சக்கைய வச்சிருக்கீங்களே. நல்லா இருக்கு போங்க."

சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. ஆனால் குடிக்கவில்லை. ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது, அவள்மேல் இல்லை, என்மேல். இதை வைக்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவுசெய்துவிட்டேன்.

சனிக்கிழமை ஜெசியின் தோழி ஒருத்தி அவளோடு இருக்க வந்தாள். நான் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வென்ட்வொர்த்வில் ஸ்டேஷனில் மதியம் ஒரு மணி ரயிலைப் பிடித்தேன். பரமட்டாவில் இறங்கி வண்டி மாற வேண்டும். எல்லா ரயிலும் ஆபர்னில் நிற்காது, பலகையைப் பார்த்து ஏறுங்கள். வார இறுதி என்பதால் கட்டணம் மூன்று டாலருக்கும் குறைவு. காத்திருந்ததையும் சேர்த்து அரை மணி நேரம். கார் எடுத்துப் போகாதீர்கள். ரமலான் சனிக்கிழமையில் ஆபர்னில் கார் நிறுத்த இடம் தேடுகிற நேரத்தில் ரயிலில் இரண்டு முறை போய்வந்துவிடலாம்.

ஸ்டேஷனை விட்டு இறங்கி நடந்தால் ஐந்து நிமிடத்தில் அரபு, துருக்கிக் கடைகள் வரிசையாக இருக்கும் கடைத்தெரு. மார்ச் வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு மசாலாக் கடையில் நுழைந்து, லிபிய மசாலாத் தூள், 'பிஸார்' என்பார்களாமே, இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் நெற்றியைச் சுருக்கிவிட்டு, லெபனான்காரர்களின் ஏழு மசாலாப் பொடியை எடுத்து நீட்டினார். எல்லாம் ஒன்றுதான் என்றார். சாம்பார்ப் பொடியும் ரசப்பொடியும் ஒன்றுதான் என்று என்னிடமே சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கையை நீட்டாமல் நின்றேன்.

எனக்குப் பின்னால் நின்ற பெண், "அத வாங்காதீங்க" என்றார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில், இங்கே என் தமிழில் தருகிறேன். அவர் பெயர் ஹனான். லிபியத் தலைநகர் திரிப்போலிக்காரர், பல் டாக்டர், வீடு லிட்கத்தில். எதற்காக என்று கேட்டார். ஜெசியைப் பற்றிச் சொன்னேன். புதன்கிழமை நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். வெளியே காரில் காத்திருந்த கணவரிடம் போய் அதை அரபியில் சொன்னார். அந்த மனுஷர் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தார்.

சிரித்து முடித்ததும், "ஏறுங்க. இப்பத்தான் சூப் வைக்கப்போறா, பார்த்துட்டே போங்க" என்றார்.

போகும் வழியில் ஹலால் கறிக்கடையில் நிறுத்தினார்கள். எலும்போடு தோள்பட்டைக் கறி, சிறு துண்டாக வெட்டச் சொல்லவேண்டும் என்றார் ஹனான். நானும் ஒரு கிலோ வாங்கிக்கொண்டேன், இருபது டாலர். லிட்கம் அடுத்த ஸ்டேஷன்தான், காரில் பத்து நிமிடம்.

ஹனானின் சமையலறையில் ஒரு ஓரமாக நின்று பார்த்தேன். எண்ணெயும் நெய்யும் கலந்து ஊற்றி வெங்காயத்தை வதக்கினார். கறியைப் போட்டுப் பிரட்டினார். பிறகு பிஸார். மஞ்சள், மல்லி, மிளகு, சீரகம், பட்டை, சுக்கு, மிளகாய் எல்லாம் சேர்ந்தது, நம் கறிமசாலாவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி. அதன்மேல் தக்காளி பேஸ்ட். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கிறவரை கிண்டினார். அப்புறம்தான் வெந்நீர், ஊறவைத்த கொண்டைக்கடலை. நுரை வந்தபோது அதை மட்டும் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இது மட்டும்தான் வெளிய போகணும். மத்ததெல்லாம் பானைக்குள்ளயே இருக்கணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் நோன்பு இருக்கிறார். சூரியன் இறங்க இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.

"உப்பு சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்? வாயில வைக்க முடியாதே" என்று கேட்டேன்.

"நுனிநாக்குல வச்சுப் பார்த்துட்டுத் துப்பலாம், அதுக்கு அனுமதி இருக்கு. நான் செய்யமாட்டேன், எனக்குப் பிடிவாதம். உங்களுக்கு என்ன, ருசி பார்க்க வேண்டியதுதானே?"

நான் கறி தொடமாட்டேன் என்றேன். ஜெசிக்கு நாக்கில் இரும்பைத் தவிர எதுவும் தெரியாது. ஆக, எங்கள் வீட்டில் அந்தச் சூப்பை ருசி பார்க்க ஒரு நாக்குகூட இல்லை. எங்கள் வீடுகளிலும் பொங்கலன்று சாமிக்குப் படைக்கும்வரை யாரும் வாயில் வைக்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அன்றைக்கு உப்பு, இனிப்பு எல்லாம் கைக்கணக்குத்தான்.

"அப்ப இது உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதான்" என்றார் ஹனான். கல் உப்பை உள்ளங்கைக் குழியில் எடுத்துக் காட்டினார். "தண்ணி ஊத்தும்போதே போட்டுரணும். இந்த அளவுப் பானைக்கு இவ்வளவுதான். அப்புறம் உப்பு டப்பாவ மூடி உள்ள வச்சுருங்க. சந்தேகப்பட்டு ரெண்டாவது தடவை போடுறவங்கதான் கெடுக்குறாங்க."

கிளம்பும்போது ஒரு சின்ன பாட்டிலில் பிஸாரும், காகிதத்தில் சுற்றிய காய்ந்த புதினாவும் கொடுத்தார். காசு எடுத்ததற்கு முறைத்தார். லிட்கத்தில் ரயில் ஏறி, பரமட்டாவில் மாறி, ஐந்து மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தேன்.

மறுநாள் காலையிலேயே அடுப்பைப் பற்றவைத்தேன். சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, மூக்கைப் பொத்தாமல், எல்லாவற்றையும் பார்த்தபடியே செய்தேன். எண்ணெய் பிரிந்தது. வெந்நீர் ஊற்றி, உள்ளங்கைக் குழி உப்பைப் போட்டு, டப்பாவை அலமாரிக்குள் வைத்தேன். ஒன்றரை மணி நேரம் சின்னத் தீயில் கொதித்தது. அந்த ஒன்றரை மணி நேரமும் உப்பைத் தவிர வேறு நினைப்பில்லை. என் கை ஹனானின் கையைவிடப் பெரியதா? குழி ஆழமா? உப்பில்லாவிட்டால் புதன்கிழமை மாதிரியே கிண்ணத்தைத் தள்ளிவிடுவாளே, அப்புறம் வியாழக்கிழமை என்ன செய்வது? பயந்துபோய் அலமாரியைத் திறந்தேன். இன்னும் அரைக்குழி போட்டேன்.

அரிசி மாதிரி இருக்கும் சின்னப் பாஸ்தாவைப் போட்டு, அது வெந்ததும் பார்ஸ்லியும் கொத்தமல்லியும் தூவி, அடுப்பை அணைத்தபிறகு புதினாவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே கசக்கி உதிர்த்தேன். வாசம் கூடத்துக்குப் போயிருக்க வேண்டும். கூப்பிடாமலே ஜெசி வந்து உட்கார்ந்தாள். எலுமிச்சை பிழிந்து, இரும்பு ருசி கூடாதே என்று மரக்கரண்டி போட்டு வைத்தேன்.

ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க இது, உப்பள்ளிக் கொட்டிருக்கீங்க."

"இரும்பா இல்லையா?"

அவள் கரண்டியைப் பிடித்தபடியே யோசித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"இல்ல. உப்புதான் கரிக்குது."

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்தது, அதை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது. பின்னாலிருந்து, கொஞ்சம் வெந்நீர் ஊற்றித் தாருங்கள், மிச்சத்தையும் குடிக்கிறேன் என்று குரல் வந்தது. அன்று ஒரு கிண்ணம் முழுவதும் குடித்தாள். திங்கள், செவ்வாய், புதனும் அதே சூப்தான், இரண்டு வேளை. வியாழக்கிழமை தராசில் எடை குறையவில்லை. நாலாவது சுற்று மருந்தை அன்றே ஏற்றினார்கள். மற்றச் சாப்பாடு இன்னும் இரும்பாகத்தான் இருக்கிறது, இது ஏதோ மாய மருந்து என்று நான் சொல்லவரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ரமலானில் ஆபர்ன் கடைகளுக்கு மதியம் மூன்றுக்குள் போய்விடுங்கள், அப்புறம் கூட்டம் நெரியும். பிஸார் கடையில் கிடைக்காவிட்டால் ஏழு மசாலாவை வாங்கிவிடாமல், கறிமசாலாவில் சோம்பைத் தவிர்த்துப் பட்டையைக் கூட்டி நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள். கறியை எலும்போடு வாங்குங்கள். புதினாவை அடுப்பை அணைத்தபிறகுதான் போடவேண்டும். தண்ணீரை வடிக்காதீர்கள் என்பதை உங்களில் யாருக்கும் சொல்லத் தேவையிருக்காது.

உப்பு ஹனான் சொன்ன அளவுதான் சரி. உப்பு கரிக்கிறது என்று ஜெசி திட்டுவதை நான் இன்னும் கொஞ்ச நாள் கேட்கவேண்டும், அதனால் எங்கள் வீட்டில் மட்டும் ஒன்றரைக் குழி.