அடுப்பின் சூடும் துண்டின் சூடும்

நுண்ணோக்கி அறையில் அவருக்கு 'டிகிரி' என்றுதான் பெயர். இருபது வருடமாக எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் உலோகத் துண்டுகளைச் சூடாக்கிக் காட்டுகிறவர். உள்ளே இருக்கும் நகக்கண் அளவு ஹீட்டரை அடுப்பு என்பார். வீட்டில் குளிக்கிற வெந்நீர் சூடு போதவில்லை என்றால்கூட மனைவி, "எத்தனை டிகிரி குறையுது?" என்று காலை வாருவாள்.

அப்பேர்ப்பட்டவரைப் போய் அந்த ஆராய்ச்சி மாணவி சந்தேகப்பட்டாள். அவளுடைய கலவை உலோகத்தின் உள்ளமைப்பு எழுநூறு டிகிரியில்தான் மாறியது. மற்ற ஆய்வுக்கூடங்களில் அதே கலவை அறுநூற்று முப்பதிலேயே மாறிவிட்டது. உனக்குக் கலவை செய்யவே தெரியவில்லை என்று அவளுடைய பேராசிரியர் மூன்று முறை திரும்பச் செய்ய வைத்துவிட்டார். இந்த வாரமும் இப்படியே வந்தால் படிப்பை விட்டுவிடப்போவதாக அவளே சொன்னாள்.

"சார், சூடு சரியாத்தான் காட்டுதா?"

"என் மெஷின் பொய் சொல்லாதும்மா. உன் சரக்கைப் பாரு."

அவள் முகம் சுருங்கிப் போனது. அதோடு விட்டிருக்கலாம்; நிரூபித்தே காட்டிவிட வேண்டும் என்று அவருக்கு வீம்பு. சுத்தத் தங்கக் கம்பியில் துளியூண்டு நறுக்கி உள்ளே வைத்தார். தங்கம் ஆயிரத்து அறுபத்து நான்கில் உருகும். அதற்கு யார் சிபாரிசும் வேண்டாம்.

திரையில் அந்த எண் வந்தது. கம்பி கம்பியாகவே கிடந்தது. ஆயிரத்து நூறிலும் அப்படியே. ஆயிரத்து நூற்று நாற்பத்தாறில்தான் சுருண்டு உருண்டையானது.

காரணம் தேட அலைய வேண்டியிருக்கவில்லை. துண்டுகள் உருகி ஒட்டி அடுப்பு பாழாகிறது என்று, இரண்டு வருடத்துக்கு முன் இடையில் மெல்லிய பீங்கான் தகடு ஒன்றைச் செருகியவர் அவரேதான். சூட்டை அளக்கும் கம்பி அடுப்பில் இருக்கிறது, துண்டோ தகட்டின் மேல். காற்றே இல்லாத பெட்டிக்குள் சூட்டை மேலே கொண்டுபோக ஆள் ஏது? மெஷின் அடுப்பின் சூட்டை ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது; துண்டின் சூடுதான் அதைவிடக் குறைவு.

தகட்டை எடுத்துவிட்டு அவளுடைய புதுத் துண்டு ஒன்றை வைத்தார். அறுநூற்று இருபத்தெட்டில் மாறியது.

தகட்டைக் குப்பையில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். சொன்னாலோ, இரண்டு வருடமாக வந்துபோன அத்தனை பேருக்கும் சொல்லியாக வேண்டும். டிகிரியின் மானம் கப்பலேறிவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அந்த யோசனை அவரோடு இருந்தது. பிறகு அவளைக் கூப்பிட்டார்.

"தப்பு என்னுதும்மா. உன் சரக்குல ஒரு குறையும் இல்ல. உங்க புரொபசர்கிட்ட நானே வந்து சொல்றேன்."

தலையைக் குனிந்து நின்றார். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவள் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள்.

"அம்மா... நான் ஒழுங்காத்தாம்மா செஞ்சிருக்கேன். மூணு தடவையும்."