கம்பி இல்லாத கட்டம்

மாடித் தளத்தை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னபோது கொத்தனார் வாய்விட்டுச் சிரித்தார். "ஏனுங்க, ஊடு என்ன முழுகாம இருக்குதுங்களா?" என் கணவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும். பயம் என்று வந்துவிட்டால் எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் சின்ன பனியன் கம்பெனி. மதுரைப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்து ஒற்றை அறையில் கிடந்தவர்கள் நாங்கள். மாடியும் கீழுமாக வீடு கிடைத்ததே என்று வாயெல்லாம் பல்லாக வாங்கினோம். கீழே குடியிருந்தோம், மாடி அறை மகள் விளையாடக் கிடந்தது. ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா கட்டுப்பாடு நீங்கி ஊருக்குள் ஆர்டர் குவிந்துகொண்டிருந்த நேரம். மேலே நாலு தையல் மிஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுக்கலாம் என்றார் கணவர். வேலைக்கு வரும் பெண்களுக்கு அங்கேயே ஒரு கழிவறை வேண்டும், அதற்குக் குழாய் இறக்கத் தளத்தில் ஓட்டை போட வேண்டும்.

தளத்துக்குள் எங்கே கம்பி ஓடுகிறது என்று தெரியாமல் உளியை வைத்துக் கம்பியை அறுத்துவிட்டால்? கீழே எங்கள் கட்டில் கிடக்கிறது. நான் அடம் பிடித்தேன். "ஒனக்கு ஒன் நெழலப் பாத்தாலே பயம்" என்று முணுமுணுத்துக்கொண்டே கணவர் கோயம்புத்தூரிலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்தார்.

அவர் கையில் சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் சோப்பு டப்பா மாதிரி ஒன்று. டப்பாவைத் தரையில் தேய்த்துக்கொண்டே போனார். அடியில் கம்பி வந்தால் பெட்டி கீச்சிட்டது. கீச்சிட்ட இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டார். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் விழ விழ எனக்கு மூச்சு சீராக வந்தது.

அறையின் நடுவுக்கு வந்ததும் பெட்டி வாயை மூடிக்கொண்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டினார். சுவரோரம் வைத்துப் பார்த்தார், கீச்சிட்டது. நடுவில் வைத்தால் ஊமை. கடைசியில் அந்த ஊமை இடத்தைச் சுற்றி ஒரு பெரிய சதுரம் போட்டுவிட்டு, "கீழ போய் ஒருக்கா பாத்தரலாமுங்களா?" என்றார். அவர் கேட்ட தணிவிலேயே நான் முதல் ஆளாகப் படியிறங்கினேன்.

சதுரம் எங்கள் கட்டிலுக்கு நேர் மேலே இருந்தது. ஒட்டடைக் குச்சியால் கூரையைத் தட்டினார். மற்ற இடமெல்லாம் கெட்டியாகக் கேட்டது. அங்கே மட்டும் டம் டம் என்றது. ஒரு சில்லு பூச்சு பெயர்ந்து மெத்தையில் விழுந்தது. பூச்சு பெயர்ந்த இடத்தில் தெரிந்த பலகை இடுக்கிலிருந்து சிவப்பு பனியன் துணி ஒன்று தொங்கியது.

கொத்தனார் முகத்தில் சிரிப்பு இல்லை. "மேல கட்டிங் செக்சன் இருந்திருக்குதுங்க. வெட்டுன பீஸ் மூட்டையக் கீழ தையலுக்குப் போடறதுக்கு ஓட்டை உட்டிருப்பாங்க. விக்கறப்போ பலகை குடுத்து, வேஸ்ட் துணிய அடைச்சு, மேல சிமெண்ட்டப் பூசி உட்டுட்டாங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மேலே 'தொம்' என்று கேட்டது. சற்று விட்டு இன்னொரு 'தொம்'. கூடவே கொலுசுச் சத்தம்.

என் மகள். பள்ளி விட்டு வந்தவள் வெளிப் படிக்கட்டு வழியாக நேரே மாடிக்குப் போயிருக்கிறாள். தரை நிறையச் சாக்பீஸ் கட்டங்களைப் பார்த்தால் ஆறு வயதுப் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? பாண்டி ஆடுகிறாள். சின்னக் கட்டங்களில் ஒற்றைக்காலால் தாவிப் போய், பெரிய கட்டத்தில் இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வேண்டும். அதுதான் ஆட்டம்.

கத்தப் போன கணவரின் வாயைப் பொத்தினேன். கத்தினால் அவள் அந்தச் சதுரத்தின் குறுக்கே ஓடி வருவாள். படி ஏறியது எனக்கு நினைவில்லை. நான் வாசலில் போய் நின்றபோது பெரிய கட்டத்துக்கு முந்தின கட்டத்தில் ஒற்றைக்காலில் தள்ளாடிக்கொண்டிருந்தாள்.

"குதிக்காத. அப்படியே இங்கன வாம்மா."

"இருங்கம்மா, இதொண்ணுதான் பாக்கி." இந்த ஊரில் பிறந்தவள், எங்களிடமே 'ங்க' போட்டுத்தான் பேசுவாள்.

கோடு இருக்கும் இடத்தில்தானே கம்பி இருக்கிறது. கோட்டின் மேலேயே கால் வைத்துப் போய், அவள் எம்புவதற்குள் இடுப்போடு சேர்த்துத் தூக்கிவிட்டேன். ஆட்டம் கெட்டுப்போன ஆத்திரத்தில் என் தோளில் குத்திக்கொண்டே அழுதாள்.

"ஏனுங்கம்மா தூக்குனீங்க? நான் தெனமும் அங்கதானுங்க கயிறு குதிக்கறேன். அங்க குதிச்சாத்தான் டம்மு டம்முன்னு சத்தம் வருமுங்க."

தினமும். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு அவள் அப்பா சாயங்காலம் வரை தூங்குவது அதற்கு நேர் கீழே. அவளை இறுக்கிக்கொண்டு, இரண்டு பேர் கனத்தை இந்தக் கோடு தாங்குமா என்று ஒவ்வொரு அடியையும் அழுத்திப் பார்த்தபடி வந்த வழியே திரும்பி நடந்தேன்.